வெறும் வீட்டில் ஓர் ஆள்

வெள்ளிக்கிழமை தன் கையாலேயே அழித்துவிட்டுப் போன ஒன்று, பௌர்ணமி விடுமுறையான போயா நாள் மத்தியானம் சஞ்சீவனி லெப்டொப்பைத் திறந்தபோது திரும்ப வந்திருந்தது.

பார்வைக்கு அது ஒரு பெரிய விஷயமே இல்லை. கம்பியூட்டர் விளையாட்டுகளைக் கட்டும் கேம் எஞ்சின் திறந்துகொள்ளும் நேரத்தில் திரையின் அடியில் சாம்பல் நிறத்தில் வரிவரியாக ஓடும் தகவல்களுக்கு நடுவே ஒரேயொரு வரி. இன்ன பெக்கேஜ் வந்தது, இன்ன பெக்கேஜ் வந்தது என்று எஞ்சின் வரவு சொல்லிக்கொண்டே போகும். எல்லாம் எஞ்சினோடு சேர்ந்தே வருகிற, அவளுக்குப் பழகிய பெயர்கள். இது மட்டும் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ்ச் சொல். ஆள்.

'ஆள்' வந்தது என்றிருந்தது.

அவள் கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை மூடாமலே மேசையில் வைத்தாள்.

பிலிமத்தலாவைக் கடைவீதியில் அன்று ஒரு கடையும் திறந்திருக்கவில்லை. எப்போதும் கொழும்பு பஸ்களின் ஹோர்ன் சத்தத்தில் அதிர்ந்துகொண்டிருக்கும் கண்ணாடி ஜன்னல்கள் இன்றைக்கு அசையாமல் நின்றன. கீழே பித்தளைச் சாமான் கடை. அதன் சொந்தக்காரர், எல்லோரும் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் நஸீம்தான் மேல்மாடியை இவர்களின் சின்னக் கம்பனிக்கு வாடகைக்கு விட்டிருந்தார். சற்று முன் ஷட்டரைப் பாதி தூக்கி அவளை உள்ளே விடும்போது, "என்ன தங்கச்சி, போயாவுக்கும் லீவு இல்லையா?" என்று கேட்டார்.

"நாளைக்கு வெளிநாட்டுக்காரங்க பார்க்கப் போறாங்க நானா. இன்னைக்கு முடிச்சாகணும்."

"சரி, நான் பின்னால வீட்டுலதான் இரிக்கிறேன். போகக்குள்ள ஒரு சத்தம் குடுங்க. மழ வரப் போகுது, இருட்ட முந்திப் போயிருங்க."

அவர் போன பிறகு படிக்கட்டில் பித்தளை துலக்கும் புளியின் புளிப்பு வாசம் மட்டும் அவளோடு மேலே ஏறி வந்தது.

அவர்கள் செய்துகொண்டிருந்தது ஒரு விளையாட்டு. ஓடவும் வேண்டாம், சுடவும் வேண்டாம். ஹுன்னஸ்கிரியப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே பூட்டிக் கிடந்த ஒரு பழைய தொரை பங்களாவை அப்படியே கம்பியூட்டருக்குள் கொண்டுவந்து, விளையாடுகிறவரை அதற்குள் தனியாக நடக்கவிடுவது. அவ்வளவுதான். கதவைத் திறக்கலாம், ஜன்னலில் நின்று மழையைப் பார்க்கலாம். அந்த வீட்டில் யாரும் இல்லை என்பதுதான் விளையாட்டே. அதனால் ஒரு மனித உருவத்தைக்கூட யாரும் அதற்காகச் செய்யவில்லை. கை, கால், முகம், ஒரு நிழல்கூட.

பங்களாவைப் படம் பிடித்து வந்தது துஷாந்த். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அவளோடு படித்தவன். கமராவையும் மைக்கையும் தூக்கிக்கொண்டு வாராவாரம் மோட்டார் சைக்கிளில் மலையேறிப் போவான். வந்து, அந்த அறைகளில் கதிரை, மேசை, அலுமாரி எல்லாவற்றையும் தானாகவே எடுத்து வைக்கிற மாதிரி பைத்தன் என்கிற கம்பியூட்டர் மொழியில் ஸ்கிரிப்ட் எழுதுவான். திறந்தவுடன் வீடு தன்னைத் தானே அடுக்கிக்கொள்ளும். "நான் எதுவுமே செய்யல, வீடே சொல்லுது எது எங்க இருக்கணும்னு," என்று ஒரு நாள் சிரிக்காமல் சொன்னான். அந்த வேலை முடிந்ததும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கட்டுக்கலைக்கு, அவள் வீட்டுக்கு வருவதாகவும் சொல்லியிருந்தான். அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் முகத்துச் சிரிப்பு அவள் சொல் கேட்கவில்லை.

பிறகு ஒரு நாள் அவன் மலையிலிருந்து திரும்பவில்லை. மோட்டார் சைக்கிள் பங்களா வாசலில் நின்றது. ஹெல்மெட் அதன் மேலேயே இருந்தது. பொலிசார் வந்தார்கள், தோட்டத்து ஆட்கள் தேயிலைக்குள்ளும் ஓடையிலும் தேடினார்கள். உள்ளே தூசி படிந்த தரையில் அவனுடைய காலடிகள் மேல் அறை வரைக்கும் போயிருந்தன என்றும், திரும்பி வந்த அடி ஒன்றுமில்லை என்றும் தோட்டத்தில் பேசிக்கொண்டார்கள். மழைக்காலம் முழுக்க அவனுடைய அம்மா பாலாம்பிகை தெல்தோட்டையிலிருந்து கிழமைக்கொரு முறை சஞ்சீவனிக்குப் போன் எடுத்துக்கொண்டே இருந்தார்.

கம்பனி முதலாளி முஸ்அப் கடைசியில் அந்த வேலையை அவளிடம் கொடுத்தான். எஞ்சினுக்குப் புதிய பதிப்பு வந்திருந்தது. அதற்குள் இருக்கும் பைத்தனும் மாறியிருந்தது. துஷாந்த் சேர்த்து வைத்த பழைய பெக்கேஜ்கள் அதில் வேலை செய்யாது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும்.

அது அலுப்பான வேலை. பெக்கேஜ் என்பது யாரோ எழுதிப் பொட்டலம் கட்டி வைத்த வேலைதான். வேண்டுமென்றால் இணையத்திலிருந்து இழுத்துக்கொள்ளலாம். ஆனால் எதுவும் தனியாக வராது. கலியாணத்துக்கு ஒருவரைக் கூப்பிட்டால் அவர் இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருகிற மாதிரி, ஒவ்வொன்றும் தனக்கு வேண்டியதைத் தன்னோடு இழுத்துக்கொண்டுதான் வந்து சேரும். அதோடு இன்னொரு தொல்லை. கம்பியூட்டரில் ஒரு பைத்தன் இருக்கும், எஞ்சினுக்குள் வேறொரு பைத்தன் இருக்கும். வெளியே போட்டது உள்ளே தெரியாது, உள்ளே போட்டது வெளியே தெரியாது. நடுவில் சுவர்.

வெள்ளிக்கிழமை அவள் உள்ளே இருந்ததையெல்லாம், அந்த 'ஆள்' உட்பட, துடைத்துவிட்டுத்தான் போனாள். ஃபோல்டர் காலி. அதைத் தன் கண்ணால் பார்த்தாள்.

இப்போது அதற்குள் 'ஆள்' மட்டும் இருந்தது. திறந்து பார்த்தாள். ஒரேயொரு கோப்பு, அதற்குள் ஓர் எழுத்துகூட இல்லை. இணையத்தில் தேடினாள். அப்படி ஒரு பெக்கேஜை உலகத்தில் எவரும் எழுதியிருக்கவில்லை. துஷாந்த் எப்போதோ விளையாட்டாகச் செய்து வைத்தது ஏதோ ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தாள். அழித்தாள்.

மற்றவற்றை ஒவ்வொன்றாகப் போட்டு முடித்தபோது மழை தொடங்கியிருந்தது. எஞ்சினை மூடித் திறந்தாள். வரிகள் ஓடின. பழகிய பெயர்கள். கடைசியில்,

'ஆள்' வந்தது.

சரி, ஸ்கிரிப்ட் வேலை செய்கிறதா என்றாவது பார்ப்போம் என்று விளையாட்டை ஓடவிட்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். வீடு தன்னை அடுக்கிக்கொண்டது. கூடத்தில் பிரம்புக் கதிரைகள், கணப்படுப்பு, பல்லி எச்சம் படிந்த சுவர்க்கடிகாரம், எல்லாம் அவற்றின் இடத்தில். துஷாந்த் அந்த வீட்டிலேயே பதிவு செய்த சத்தங்கள் காதுக்குள் விரிந்தன: கூரைத் தகரத்தில் காற்று நகம் வைத்துச் சுரண்டுவது, எங்கோ ஒரு குழாய் சொட்டுவது, பலகைத் தரை குளிரில் தானாக முனகுவது. அவள் விரல்கள் அவளைக் கூடத்தைத் தாண்டி, சாப்பாட்டறையைத் தாண்டி, மரப்படிகளில் மேலே கொண்டுபோயின. மேல் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. கதவுக்கு வெளியே, தரையில், ஒரு நிழல் விழுந்திருந்தது.

நீளமான நிழல். தோளும் தலையும் உள்ள நிழல்.

எஞ்சினில் நிழல் சும்மா விழாது. எதுவோ ஒன்று வெளிச்சத்தை மறைத்தாக வேண்டும். அலுமாரியாக இருக்கும், ஸ்கிரிப்ட் அதை இடம் மாற்றி வைத்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவள் கதவைத் தள்ளினாள்.

ஒருவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தான்.

ஜன்னல் மழையின் மங்கிய வெளிச்சத்தில் அவனுடைய முதுகுதான் தெரிந்தது. நீலக் கட்டம் போட்ட சட்டை. அதன் கொலர் ஒரு பக்கம் உள்ளே மடிந்திருந்தது. முன்பு ஒரு தடவை மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்ததிலிருந்து இடது காலில் பாரம் வைக்காமல் நிற்கிற அந்தச் சாய்வு. அவள் எத்தனை நாள் பின்னாலிருந்து பார்த்த முதுகு அது.

சஞ்சீவனி ஹெட்போனைக் கழற்றினாள். மேல்மாடியில் மழைச் சத்தம் மட்டும். மீண்டும் மாட்டினாள்.

உள்ளே யாரோ மூச்சு விடும் சத்தம் கேட்டது.

அவள் அப்போதே எழுந்து போயிருக்கலாம். நஸீம் நானாவைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் பயத்துக்கு முன்னால் வந்தது வேறொன்று. துஷாந்த் தன்னைத் தானே படம் பிடித்து இந்த வீட்டுக்குள் வைத்திருக்கிறான், யாருக்கும் சொல்லாமல், ஒருவேளை தனக்காகவே வைத்திருக்கிறான் என்று அவள் நம்பப் பார்த்தாள். விளையாட்டை நிறுத்தினாள். திரும்ப ஓடவிட்டாள்.

மேல் அறையில் அவன் இல்லை.

படியில் இறங்கினாள். சாப்பாட்டறை. நீள மேசைக்கு அந்தப் பக்கம், சுவரைப் பார்த்தபடி, நீலச் சட்டை.

"துஷாந்த்," என்றாள், வாய்விட்டே. அந்த வெறும் ஒஃபிஸில் அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

தோள்கள் மெல்ல ஏறி இறங்கின. அசைகிற மாதிரி எதையும் யாரும் அதற்குள் செய்து வைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அவளுடைய போன் மேசையில் துடித்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பாலாம்பிகை.

"புள்ள, சாப்பிட்டியா?" அவர் எப்போதும் அப்படித்தான் தொடங்குவார். தோட்டத்தில் புள்ளக் காம்பராவில் ஊரார் பிள்ளைகளையெல்லாம் பார்த்துக்கொண்டவர். யாரிடமும் முதலில் அதைத்தான் கேட்பார். "போயா லீவு தானே, நீ வீட்டுல இருப்பேன்னு எடுத்தேன்."

"வேலைக்கு வந்திருக்கேம்மா."

"எதுனா தெரிஞ்சிச்சா?"

சஞ்சீவனி திரையைப் பார்த்தாள். ஹெட்போன் கழுத்தில் தொங்கியது. போன் லெப்டொப்புக்குப் பக்கத்தில், அவள் கையில் இருந்தது. பாலாம்பிகையின் குரல் கசிந்து வெளியே கேட்டுக்கொண்டிருந்தது.

திரையில் அவன் தலை கொஞ்சம் நிமிர்ந்தது.

"புள்ள? கேக்குதா?"

தலை ஒரு பக்கம் சாய்ந்தது. யாரோ தூரத்திலிருந்து கூப்பிடுவதை எந்தப் பக்கமிருந்து என்று பிடிக்கப் பார்க்கிறவன் மாதிரி.

அவள் என்ன செய்கிறாள் என்பது அவளுக்கே தெரியாது. ஆசைதான் அது, வேறு பெயர் அதற்கு இல்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு, லெப்டொப்பின் மைக் பக்கமாகச் சாய்த்து வைத்து, "அம்மா, கொஞ்சம் பேசிக்கிட்டே இருங்க," என்றாள். "சும்மா எதுனா பேசுங்க. அவர்கிட்ட பேசுற மாதிரி."

பாலாம்பிகை ஏன் என்று கேட்காமலே பேசத் தொடங்கினார். "என்னத்தப் பேசுறது. டேய் தம்பி. நீ சொன்னேன்னு வீட்டுக்குப் புது தகரம் போட்டாச்சு. பஜாருல எறங்கி, கோயில் பக்கமா மேல வந்தீன்னா மொதோ வீடு, பச்சப் பெயின்ட் அடிச்சிருக்கு, மாறிப் போயிராத. மழையில நனஞ்சு வராத. வந்துருடா. நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவன் கேட்டுக்கொண்டிருந்தான். அவர் சொல்லச் சொல்ல, முகத்தைக் காட்டாமலே, உடம்பு மட்டும் மெதுவாகத் திரும்பியது. சாப்பாட்டறைக் கதவுப் பக்கம். கூடத்தின் பக்கம். கூடத்துக்கு அப்பால் இருப்பது முன்வாசல்.

அப்போதுதான் சஞ்சீவனிக்கு உறைத்தது, அம்மா அவனுக்கு வழி சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று. போனைப் பறித்தெடுத்தாள். "அம்மா, நான் அப்புறம் எடுக்கிறேன்," என்று சொல்லி வெட்டினாள்.

அந்த நொடியே கரண்ட் போனது.

மின்விசிறி தன் வட்டத்தை மெதுவாக்கி நின்றது. மூலையில் இணையப் பெட்டியின் பச்சை விளக்குகள் ஒன்றாக அணைந்தன. ஜன்னலுக்கு வெளியே மலைப்பக்கமிருந்து இறங்கிய மூடுபனி ரோட்டின் எதிர்ப்பக்கக் கடைகளை விழுங்கிவிட்டிருந்தது. மழையும் பனியும் சேர்ந்து பின்னேரத்தையே பொழுது சாய்ந்த மாதிரி ஆக்கியிருந்தன. லெப்டொப் மட்டும் தன் பெட்டரியில் விழித்திருந்தது. எஞ்சின் தானாக நின்று மூடிக்கொண்டிருந்தது. கறுத்த திரையில் அவள் முகம் தெரிந்தது; கண்களுக்குக் கீழே பள்ளம்.

போய்விடலாம் என்று பையை எடுத்தாள். பிறகு நாளைய காலையை நினைத்தாள். இப்படி ஒன்று நடுவீட்டில் நிற்கும்போது அந்த வெளிநாட்டுக்காரர்கள் முன்னால் இதைத் திறக்க முடியாது. இல்லை, அதுவும் முழு உண்மை இல்லை. அவன் எங்கே போனான் என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

எஞ்சினைத் திறந்தாள். வரிகள் பாதியில் நின்றன. துஷாந்த் எழுதிய தொடக்க ஸ்கிரிப்டுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஏதாவது குறைந்தால் திறக்காமல் நின்று, போடட்டுமா என்று கேட்கும். இப்போது கேட்டது.

'ஆள்' என்பதற்கு 'துணை' தேவை. போடட்டுமா?

துணை. அதையும் அதே மாதிரி ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தது.

இணையம் இல்லை. எங்கிருந்தும் எதுவும் வர வழியில்லை. ஆம் என்று அழுத்தினால் முடியவில்லை என்று சொல்லும், தாண்டிப் போகலாம். அப்படித்தான் அவள் கணக்குப் போட்டாள். அழுத்தினாள்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, அறைக்குள் இருக்கும் குளிர் முழுவதும் ஒரே இடத்துக்கு வந்து, அவள் கழுத்துக்குப் பின்னால் நின்ற மாதிரி இருந்தது. ஈரப் பலகையின், பூட்டிய அறையின், பழைய கணப்படுப்புச் சாம்பலின் வாசம் ஒன்று வந்தது. கீழே இருந்து வந்த பித்தளை வாசம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

'துணை' வந்தது.

வீடு திறந்தது. அடுக்கிக்கொண்டது. மேல் அறையில் யாருமில்லை. சாப்பாட்டறையில் யாருமில்லை. கூடத்துக்குள் நுழைந்தாள்.

முன்கதவின் எதிரில் இரண்டு பேர் நின்றார்கள்.

நீலச் சட்டை. அதன் பக்கத்தில் ஒரு பெண். அவளும் முதுகைக் காட்டிக்கொண்டு. மஞ்சள் சுடிதார். ஓரத்தில் மழைத்தண்ணீர் ஏறிக் கறுத்திருந்தது. தலைமுடியை அள்ளி ஒரு கிளிப்பில் செருகியிருந்தாள். கிளிப்பில் ஒரு பல் உடைந்திருந்தது.

சஞ்சீவனியின் கை தன் பின்னந்தலைக்குப் போனது.

விரல் உடைந்த பல்லைத் தொட்டது.

திரையில் அந்தப் பெண்ணின் கையும் உயர்ந்தது. பின்னந்தலைக்குப் போனது.

அவள் கதிரையோடு பின்னால் தள்ளித் திரும்பினாள். ஒஃபிஸில் யாருமில்லை. மேசைகள். மூடிய திரைகள். சுவரில் மாட்டிய மழைக்கோட்டு. யாருமில்லை. ஆனால் அந்த வாசம். பலகைத் தரை முனகியது. இங்கே பலகைத் தரையே இல்லை.

விளையாட்டை நிறுத்தினாள். எழுத்துகள் தவறி விழுந்தன. அழித்து அழித்து எழுதினாள். ஆள், கழற்று. துணை, கழற்று. நிச்சயமாகவா என்று கேட்டது. ஆம். நிச்சயமாகவா. ஆம், ஆம். இரண்டும் கழன்றன. ஃபோல்டரைத் திறந்து பார்த்தாள். இல்லை. குப்பைக்கூடையைப் பார்த்தாள். அங்கும் இல்லை. எஞ்சினைத் திறந்தாள். வரிகள் ஓடி முடிந்தன. பழகிய பெயர்கள் மட்டும். ஆள் இல்லை. துணை இல்லை.

அவளுக்கு அழுகை வந்தது. ஓடவிட்டாள்.

வீடு காலி. உண்மையாகவே காலி. கதிரைகள், கணப்படுப்பு, கடிகாரம். மூச்சுச் சத்தமும் இல்லை.

முன்கதவு திறந்திருந்தது.

அந்தக் கதவு திறக்காது. திறக்கிற மாதிரி யாரும் அதைச் செய்யவில்லை. வீட்டுக்கு வெளியே என்று ஒன்றை யாரும் கட்டவே இல்லை. கதவுக்கு அப்பால் தரையும் வானமும் இல்லாத, வெறும் சாம்பல். வாசற்படியில் ஈரக் காலடிகள். இரண்டு சோடி. வெளியே போகின்றன.

அவள் விளையாட்டை மூடினாள். எஞ்சினையும் மூடினாள். யோசிக்கிற ஒரு மூலை மட்டும் அவள் மண்டைக்குள் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது. உள்ளே இல்லை. அப்படியென்றால். கம்பியூட்டரின் சொந்தப் பைத்தனைத் திறந்தாள்; எஞ்சினோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதது, சுவருக்கு இந்தப் பக்கம் இருப்பது. அவள் அதில் இன்றைக்குக் கை வைக்கவே இல்லை. எழுதிக் கேட்டாள். ஆள் உண்டா?

உண்டு.

துணை?

உண்டு.

எப்போது வந்தது என்று பார்த்தாள். இப்போதுதான்.

"நஸீம் நானா!" என்று கத்தினாள். மழை அந்தச் சத்தத்தைக் கூரையிலேயே வாங்கிக்கொண்டது. எழுந்தாள். படிக்கட்டுப் பக்கம் ஓடியவள் பாதியில் நின்றாள். கீழே பாதி தூக்கியிருந்த ஷட்டர் இறங்கி மூடியிருந்தது. வெளிச்சத்தின் ஒரு கோடுகூட இல்லை. கையால் அடித்தாள். தகரம் அதிர்ந்தது. யாரும் வரவில்லை. தெருவில் நாய்கூடக் குரைக்கவில்லை.

மேலே போன் அடித்தது.

அவள் படியேறி வந்து எடுக்கும் வரைக்கும் அது நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது.

"புள்ள." பாலாம்பிகையின் குரல் உடைந்திருந்தது. சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியவில்லை. "வந்துட்டான் புள்ள. என் மகன் வந்துட்டான்."

"அம்மா."

"வாசல்ல நிக்கிறான். ஜன்னலால பார்த்தேன். அதே நீலச் சட்ட. தொப்பலா நனஞ்சு போயி. அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டே நிக்கிறான், மூஞ்சியக் காட்ட மாட்டேங்கிறான். இத்தன நாளு அம்மாவத் தேட வெச்சுட்டோமேன்னு வெக்கம் போல."

"அம்மா, கதவத் திறக்காதீங்க. நான் சொல்றதக் கேளுங்க. திறக்காதீங்க."

"என்ன புள்ள இப்படிச் சொல்ற?" அவர் குரலில் முதல் தடவையாகக் குழப்பம். "நீதானே கூட்டிக்கிட்டு வந்திருக்க. அவன் பக்கத்துல நீயும்தானே நிக்கிற, மஞ்சச் சுடிதாரோட. சஞ்சீவனி, சஞ்சீவனின்னு கூப்பிட்டேன், நீயும் திரும்ப மாட்டேங்கிற. அதான் போன் அடிச்சுப் பார்த்தேன்."

சஞ்சீவனி குனிந்து தன் மஞ்சள் சுடிதாரைப் பார்த்தாள்.

"ஆனா புள்ள," என்றார் பாலாம்பிகை, மெதுவாக, எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டு பேசுகிறவர் மாதிரி. "ஒன் கையில போனக் காணோமே."

"அம்மா, பின்பக்கமா ஓடுங்க. அக்கம்பக்கத்துல யாரையாவது கூப்பிடுங்க. அது நான் இல்ல. நான் பிலிமத்தலாவையில. அது அவரும் இல்ல, அம்மா!"

தகரத்தில் மழை விழும் சத்தம். இங்கே விழும் மழையா, அங்கே விழும் மழையா. தாழ்ப்பாள் விலகும் சத்தம். கதவு.

"நனையாம உள்ள வாங்க," என்று பாலாம்பிகை சொல்வது கேட்டது. போனிடம் அல்ல.

பிறகு அவருடைய மூச்சு ஒரேயடியாக உள்ளே போனது. வெளியே வரவில்லை.

"அம்மா? அம்மா!"

பலகைத் தரை முனகியது. அதன் மேல் நடை, போனுக்குள். கூரையில் காற்று. எங்கோ ஒரு குழாய் சொட்டுவது.

மேசையில் லெப்டொப் வெளிச்சமானது. அவள் மூடி வைத்த எஞ்சின் திறந்துகொண்டிருந்தது. வரிகள் ஓடின. வீடு தன்னை அடுக்கிக்கொண்டது. கதிரைகள். கணப்படுப்பு. கடிகாரம். முன்கதவு மூடியிருந்தது.

கூடத்தின் மூலையில், சுவரைப் பார்த்தபடி, நூல் சேலை கட்டிய குள்ளமான ஓர் அம்மா நின்றிருந்தார். நரைத்த கொண்டை பாதி அவிழ்ந்திருந்தது. வலது கையில் போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தார்.

சஞ்சீவனியின் காதில் ஒரு மூச்சு மெல்ல இழுபட்டது. திரையில் அந்தத் தோள்கள் உயர்ந்தன. மூச்சு இறங்கியது. தோள்கள் இறங்கின.